மத்தியானக் கச்சேரி: குழலும் பியானோவும்



மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில், பாட்டு கிளாஸுக்குப் போகும் குழந்தைகளோடு பியானோ கற்றுக்கொண்டு லண்டன் டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சைக்குப் போகும் குழந்தைகளும் இருக்கிறார்கள். குழந்தை வாசிக்கும்போது பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். கேட்டால், "அதில் கமகம் எங்கே இருக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பியானோவில் 88 கட்டைகள். ஒரு ஸ்தாயிக்கு 12. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி தந்தியைத் தட்டும். தட்டிய பிறகு அந்த ஸ்வரத்தை அசைக்க முடியாது. அது தேய்ந்து மறையும். எனவே தோடியை அதில் தேடக் கூடாது. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் தடை செய்ததற்கும் இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம்.

குழலோ மூச்சில் நடப்பது. மாலியும் ரமணியும் மூங்கில் துளையை விரலால் பாதி மூடித் திறந்தே கமகத்தைக் கொண்டுவந்தார்கள். மேல்நாட்டுக் குழல், ஜெர்மானியரான தியோபால்ட் போம் 1847-இல் அமைத்த முறையில், சாவிகள் பொருத்திய உலோகக் குழல். ஆனாலும் ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கிப் பெருக்கி அடக்க அதனால் முடியும். பியானோவால் முடியாது. பியானோ ஒரே சமயத்தில் பல ஸ்வரங்களை ஒலிக்கும். குழலுக்கு அது எளிதல்ல. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. கேட்க வேண்டியது இதைத்தான்.

நம் கச்சேரியில் பக்கவாத்தியம் நிழல் போலத் தொடரும். இங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பாஹ் இயற்றிய பி மைனர் சோனாட்டாவில் கட்டை வாத்தியத்தின் வலது கை, குழலோடு சரிசமமாக உரையாடுகிறது. அந்தக் காலத்தில் அது ஹார்ப்ஸிகார்ட். இன்று பலர் பியானோவில் வாசிக்கிறார்கள். பூலாங்க் 1957-இல் எழுதிய சோனாட்டாவை முதலில் அரங்கேற்றியபோது குழல் ராம்பால், பியானோ பூலாங்கே.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 'ஸி'யை ஸட்ஜமமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்தினால் சங்கராபரண ஸ்வரங்கள். முத்துஸ்வாமி தீட்சிதரே ஆங்கிலேயர் பாண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வர ஸாகித்யங்கள் செய்தவர்.

கேட்பதற்கு ஊர் தாண்ட வேண்டாம். 1969-இல் தோன்றிய என்.ஸி.பி.ஏ. நரிமன் பாயிண்டில் இருக்கிறது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. போய் அங்கிருந்து பஸ். இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: சோனாட்டாவில் மூன்று நான்கு பாகங்கள் இருக்கும், கடைசிப் பாகம் முடிந்த பிறகே கைதட்டல், தொடையில் தாளமும் வாயில் "பலே"யும் வேண்டாம்.

சென்னை மார்கழி சீசனில் மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், வாசிப்பவர்கள் இளையவர்கள். பின்னாளில் பெரிய வித்வான்களானவர்களை, பாதி காலியான ஹாலில் உட்கார்ந்து முதலில் கேட்டவர்கள் அந்த மத்தியான ரசிகர்கள்தான். உங்கள் பேரனோ பேத்தியோ பியானோ டீச்சர் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசிக்கப் போகிறது என்றால், மாமாக்களும் மாமிகளும் தூக்கத்தை ஒருநாள் தள்ளி வைத்து முன்வரிசையில் உட்காருங்கள். நாம் கேட்காவிட்டால், கிரேடு பரீட்சை முடிந்ததும் அந்தப் பெட்டியை மூடிவிடும் குழந்தை. கேட்க ஆள் இருந்தால்தான் சங்கீதம்.