கால்நடையாய்க் காணும் கொழும்பு

கொழும்பு மாநகரில் முப்பது ஆண்டு தொழில் புரிந்தும் கொழும்பை அறியாதார் பலர். காலையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்குவர், அலுவலகம் செல்வர், மாலையில் மீண்டும் வண்டியேறுவர். வழியிலுள்ள கட்டடங்கள் அவர்தம் கண்ணிற் படுமேயன்றிக் கருத்திற் படா. இக்குறையைத் தீர்க்கவல்லது, வரலாறறிந்த வழிகாட்டி ஒருவருடன் சிறு குழுவாகத் தெருத்தெருவாய் நடந்து செல்லும் வழக்கம். உலகின் பெருநகரங்கள் பலவற்றிற் போலக் கொழும்பிலும் இன்று இத்தகைய நடைகள் இடம்பெறுகின்றன. வெயில் ஏறுமுன் புறப்படும் அத்தகைய நடையொன்றை நேயர்கள் மனக்கண்ணாற் பின்தொடர்வார்களாக.

நடை தொடங்குமிடம் கோட்டையிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம். தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவியார் வரைந்த அமைப்பின்படி 1857ஆம் ஆண்டளவில் எழுந்தது அது. பத்தாண்டு கழித்து, 1867இல், அதன் உச்சியில் விளக்கேற்றிக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினர். காலப்போக்கிற் சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் அதன் ஒளியை மறைத்தன. 1952இல் விளக்கு ஓய்ந்தது. கடிகாரம் மட்டும் நின்றது. தெரு நடுவே ஒரு கோபுரம் ஏன் நிற்கின்றது என்று வினவாமலே நாள்தோறும் அதனைக் கடப்போர் எத்துணையர்!

அப்பால் சில அடி தூரத்தில் ஒல்லாந்தர் கட்டிய மருத்துவமனை உளது. 1681ஆம் ஆண்டிலேயே அது இயங்கியமைக்குச் சான்றுண்டு. கடலோடி வந்து நோயுற்ற கம்பெனி ஊழியர் கிடந்த கூடங்களில் இன்று உணவகங்களும் கடைகளும் விளங்குகின்றன.

கோட்டையைக் கடந்தால் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறம்பானது என்பதே பெயரின் பொருள். ஆங்கிலேயர் வழங்கிய 'பெற்றா' என்பதும் நம் 'பேட்டை' என்னுஞ் சொல்லின் திரிபேயாம். நுழைவாயிலில் நிற்கும் மற்றொரு மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிரம்ஜி பிகாஜி கான் என்னும் பார்சி வணிகரின் நினைவாக அவர் மைந்தர் 1923இல் எழுப்பினர். தந்தை பொருளீட்டிய நகரத்து மக்களுக்குத் தாகந் தீர்க்க நீருற்றும் அதனோடு அமைத்தனர்.

இரண்டாங் குறுக்குத் தெருவிற் செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி வரியோடிய ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் தோன்றுகின்றது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரின் பொருளுதவியால் 1908இல் தொடங்கி மறு ஆண்டில் முற்றுப்பெற்றது அது. அமைத்தவர் சாய்பு லெப்பை. கட்டடக்கலையை முறையாகப் பயின்றவரல்லர். படிப்பால் வாராததும் பற்றினால் வரும் என்பதற்கு அம்மாடங்கள் சாட்சி.

அருகே சுமைவண்டி தள்ளும் நாட்டாமைமார் வழிவிடக் கூவுகின்றனர். வழிகாட்டி அவர்களையுஞ் சுட்டுகின்றார். துறைமுகத்திற் பொருள் இறங்கிய நாள் முதல் அதனைத் தோளிற் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களை விடுத்தால் இத்தெருவின் வரலாறு பாதி வரலாறே.

செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிர்வேலாயுதன் கோயில்களையும் கண்டு மேட்டின்மீது ஏறினால் வொல்வெண்டால் தேவாலயம். 1749இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி எட்டாண்டில் முடித்தனர். 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்பது பெயரின் பொருள். ஈழத்துக் காடுகளில் ஓநாய் ஏது? குவாடலூப்பே மாதாவுக்குப் போர்த்துக்கேயர் அங்கு எழுப்பிய சிற்றாலயத்தின் பெயர் மருவ, ஒல்லாந்தர் அதனை ஓநாய் எனப் பிறழ உணர்ந்தனர் என்பர். ஒரு செவிப்பிழை மூன்று நூற்றாண்டாய் ஊர்ப்பெயராய் வாழ்கின்றது!

கொச்சிக்கடையில் நடை நிறைவுறுகின்றது. அங்கே பொன்னம்பல முதலியார் 1856ஆம் ஆண்டளவில் நிறுவிய சிவாலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றளியாகப் புதுக்கினார். சிறிது தூரத்தில் புனித அந்தோனியார் திருத்தலம். சமய வேறுபாடின்றி மக்கள் விளக்கேற்றும் இடம் அது.

இதுவரை கூறியன கேட்க இனியவை. எனினும், வழிகாட்டியின் நேர்மை சோதிக்கப்படுமிடம் வேறு. மருத்துவமனையின் பழஞ்சுவரைக் காட்டுபவர், 1996 சனவரி 31இல் அண்டையிலுள்ள மத்திய வங்கியை விடுதலைப் புலிகளின் குண்டு தகர்த்தபோது அச்சுவரும் அதிர்ந்ததையும், தொண்ணூறு பேரளவில் மாண்டதையும் கூறுதல் வேண்டும். புறக்கோட்டையின் வணிகச் சிறப்பைப் பேசுபவர், 1983 ஆடியில் அங்கு தமிழர் கடைகள் தீக்கிரையானதை விழுங்கிவிடலாகாது. அந்தோனியார் திருத்தலத்தில் 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, வழிபட்டோர் குண்டுக்கு இரையானதையும் மறைத்தலாகாது. ஒருவர் துயரை உரைத்து மற்றவர் துயரை விடுத்தால் அது வரலாறாகாது, வழக்குரையாகும். துயரனைத்தையும் விடுத்தாலோ விளம்பரமாகும்.

கேட்போர் மனம் புண்படுமே என்று தயங்குவாருமுளர். அவ்விடத்தில் நின்று கேட்பவர் பகைமையை வளர்த்துச் செல்வதினும், எரிந்த கடையை மீண்டுந் திறந்தவரின் உறுதியையும், அதே ஆண்டு யூன் மாதத்திற் கதவு திறந்த திருத்தலத்தின் பொறுமையையும் நினைந்து செல்லல் கூடும். எவ்வாறு சொல்வது என்பதே வழிகாட்டியின் கலை.

இக்கலை சுற்றுலாப் பயணியருக்கு மட்டும் உரியதன்று. இந்நகரத்துப் பாடசாலை மாணவர் ஒல்லாந்தர் ஆட்சியின் ஆண்டுகளை மனனஞ் செய்கின்றனர். அவர் கட்டிய தேவாலயமோ சிலருக்கு நடை தூரத்திலேயே உளது. ஆசிரியர் ஒருவர் ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்கி இருபது பிள்ளைகளை இத்தெருக்களில் அழைத்துச் செல்வாராயின், தமிழ்ப் பிள்ளை பள்ளிவாசல் முன்பும், முஸ்லிம் பிள்ளை சிவாலயத்தின் முன்பும், சிங்களப் பிள்ளை செட்டியார் தெருவிலும் நின்று கேள்வி கேட்கும். அக்கேள்விகளுக்கு உண்மை விடை கூற ஆசிரியர் முதலிற் கற்றாதல் வேண்டும். அதற்கும் அவர் நடந்தே ஆகவேண்டும்.