குணமறிந்து வழிகாட்டல்



நம் மாலை வகுப்புகளில் பாடஞ் சொல்லும் இளைஞர்களுக்கு இப்பொழுது ஒரு பொறுப்புக் கூடியிருக்கிறது. பிள்ளைகள் கணக்குக் கேட்க மட்டும் வருவதில்லை. படிப்பை நிறுத்தலாமா, எந்தப் பிரிவில் சேரலாம், அப்பா குடித்துவிட்டு அடிக்கிறாரே என்ன செய்வது என்றெல்லாம் கேட்கிறார்கள். அவ்வாறு வருவோரின் இயல்பறிந்து அறிவுரை கூறுவது எப்படி என்று பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார்.

மனிதரை இயல்பு வகையால் பிரிப்பது புதிதன்று. நம் நாஞ்சில் நாட்டு ஆசான்மார் நாடி பிடித்து, வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றும் ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நிற்கின்றனவா என்று பார்ப்பர். உடம்போடு குணத்தையும் சேர்த்தே கணிப்பர். கிரேக்க மருத்துவரும் உடம்பின் நான்கு நீர்மங்களைக் கொண்டு நான்கு குணங்களை வகுத்தனர். ஆசானிடம் நான் மதிப்பது ஒன்றுண்டு. சென்ற முறை பித்தம் என்று கண்டதை வைத்து இன்று அவர் மருந்து கொடுப்பதில்லை. வருந்தோறும் நாடியைப் புதிதாகப் பார்க்கிறார்.

இனி, இக்குணப் பிரிவு நம்மவர்மேல் எவ்வாறு ஏவப்பட்டது என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரோடும், பின்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூரில் 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கப் போராடினார். 1910இல் ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை அதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்டவரையும் நிலத்தைப் பயிரிட்டவரையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாம்! இத்தனைக்கும் அவர் திவானை அஞ்சாது கண்டித்து, அதே ஆண்டில் நாடு கடத்தப்பட்டவர். அத்தகைய துணிவுடையவருக்கும் பிறப்பு வேறு, இயல்பு வேறு என்பது தெரியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், பிளேட்டோ மக்களை மூன்று இயல்பினராகப் பிரித்ததை ஆராய்கிறார். ஒவ்வொரு மனிதனும் தனித்தன்மை உடையவன். ஒருவனுக்குள்ளேயே பல நாட்டங்கள் உண்டு. அவர்களைச் சில பெட்டிகளுக்குள் அடைத்தல் இயலாது என்பது அவர் காட்டும் குறை. நால்வருணத்துக்கும் அக்குறை பொருந்தும் என்கிறார்.

இவற்றையெல்லாம் படித்திருந்த நானே ஒருமுறை தவறினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாய் திறக்கமாட்டான். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். ‘மந்த குணம்’ என்று முடிவு கட்டி, அவன் தந்தையை அழைத்து, பத்தாவதோடு நிறுத்தி வேலைக்கு அனுப்புங்கள் என்றேன். செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் அவர் கைகூப்பி, “சாரே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நம்மவன் ஒருவன் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்துகொண்டு அதைச் சொன்னான் என்பதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. பிறகு ஓர் ஆசிரியை அவனை வாய்மொழியாகக் கேளாமல், தனியே எழுதச் சொன்னார். பேச்சிப்பாறை அணையிலிருந்து தங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தான், படமும் போட்டிருந்தான். அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். தந்தை அதற்குள் சூளை முதலாளியிடம் பேசி வைத்திருந்தார். பையன் தொடர்ந்து படித்தான். ஆனால் ஓராண்டு காலம் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

அவன் மந்தமானவன் அல்லன், மெல்லப் பழகுகிறவன். நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956 முதல் குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். எளிதில் இணங்குவோர் நூற்றுக்கு 40 பேர், இணங்க அரியோர் 10 பேர், மெல்லப் பழகுவோர் 15 பேர் என அளவிட்டனர். எஞ்சிய 35 பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை! குழந்தையின் இயல்பைக் காட்டிலும், அவ்வியல்போடு வீடும் பள்ளியும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம் என்று அவர்கள் கண்டனர்.

ஆகவே இயல்பைக் கொண்டு ஒருவனிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். அவன் என்ன ஆகலாம் என்று முடிவு செய்யாதீர்கள். மெல்லப் பழகுகிறவனைப் பலர் நடுவே கேள்வி கேட்காதீர்கள். நாற்காலியை அடுக்கச் சொல்லுங்கள், கூட நடந்து வாருங்கள். மூன்றாம் நாள் அவனே பேசுவான். சினத்தோடு வருகிறவளை முதலில் பேசி முடிக்க விடுங்கள். கொதிக்கும்போது சொல்லும் புத்தி செவியில் ஏறாது. எல்லாவற்றுக்கும் சரி என்று சிரிக்கிறவனிடம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் தருவாய் என்று எழுதி வாங்குங்கள். வீட்டாரைப் பற்றிய செய்தியை எவரிடமும் பகிராதீர்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், குணத்தை ஆராய அது நேரமன்று. தனியே விடாமல் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல் ஒரு வாரம், மாலை 5 மணிக்கு நான் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். தேறியவர்களோடு தேறாதவர்களையும் அழைத்து வாருங்கள். வர வெட்கப்படுகிறவர்களின் வீட்டை எனக்குக் காட்டுங்கள், நான் வருகிறேன்.