வேங்கடக் காட்டில் வண்டிப் பயணம்



ஆப்பிரிக்கக் காடுகளில் குடும்பத்தோடு தாமே வண்டியோட்டிச் சென்று வனவிலங்குகளைக் கண்டு வருவதைச் ‘சபாரி’ என்கின்றனர். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து அங்கே சென்று வழங்கிய சொல் அது.

தென் ஆப்பிரிக்காவின் குரூகர் காடு 1926இல் தேசியப் பூங்கா ஆயிற்று. மறு ஆண்டு பொதுமக்களுக்கு அது திறக்கப்பட்டபோது வந்த மோட்டார் வண்டிகள் மூன்றே. இன்று அங்கே எண்ணற்ற குடும்பங்கள் செல்கின்றன. விதிகளோ மிக எளியவை. தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலும், மண் சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேலும் செல்லலாகாது. குறித்த இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. வாயில் மூடுமுன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். காடு விலங்குகளின் வீடு, நாம் அங்கே விருந்தினர் என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

இத்தகைய பயணத்திற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. சித்தூர்ப் பக்கத்திலும் திருப்பதியிலும் வாழ்வோரும், அவ்வழியே காரில் செல்வோரும், தம்மை அறியாமலே காட்டுப் பயணம் செய்துகொண்டிருக்கின்றனர். அறியாமல் செய்வதே இடரையும் விளைவிக்கின்றது.

முதலில் சித்தூரிலிருந்து மேற்கே பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையைக் கருதுவோம். பலமனேர், குப்பம் பகுதிகளில் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் இருக்கின்றது. வேங்கட மலைக்காட்டின் யானைகளைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். பின்னர் நெடுங்காலம் இந்நாட்டில் யானைகள் இல்லாது போயின. 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து அவை மீண்டும் இங்கே வந்து சேர்ந்தன. காடு குறுகலானது, சுற்றிலும் வயல்கள். ஆதலால் யானைக்கும் உழவருக்கும் ஓயாத போராட்டம். 2023 ஜூன் மாதத்தில் பலமனேர் அருகே இரவில் சாலையைக் கடந்த மூன்று யானைகள் லாரி மோதி இறந்தன.

அடுத்துத் திருமலைக்கு வருவோம். மலைமேல் செல்ல 1944இல் முதல் சாலையும், 1974இல் இரண்டாம் சாலையும் திறக்கப்பட்டன. இன்று ஒன்றில் ஏறுகிறோம், மற்றொன்றில் இறங்குகிறோம். சாலையின் இருபுறமும் நாம் காணும் காடு, 1989இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவோடு தொடர்ந்து கிடப்பது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. செஞ்சந்தன மரம் இயற்கையாகச் செழித்து வளரும் காடு இது. புள்ளிமானும் கடமானும் கரடியும் தேவாங்கும் சிறுத்தையும் இங்கே வாழ்கின்றன. பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி ஒன்றும் உண்டு.

குடும்பத்தோடு இம்மலைக்குச் சென்றபோது எங்கள் பிள்ளைகள் சிறுத்தையைப் பார்த்தாக வேண்டும் என்றனர். விலங்குகளைக் கண்டே தீர வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பதியில் 1987இல் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலை இருக்கின்றது. காட்டிலோ காணாமல் திரும்புவதும் நற்பேறே என்று அவர்களுக்குச் சொன்னோம். தலகோனா அருவிக்குச் சென்ற அன்று உயர்ந்த கிளையில் மலையணில் ஒன்று நெடுநேரம் பழம் தின்றுகொண்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, பேசாமல் பார்த்திருந்தோம். பிள்ளைகள் பின்னர்ச் சிறுத்தையைக் கேட்கவேயில்லை.

சிறுத்தை விளையாட்டுப் பொருளன்று. 2023 ஆகஸ்டில், அலிபிரியிலிருந்து ஏறும் நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். அதன்பின் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நடந்தேறத் தடை விதிக்கப்பட்டது. நடந்து செல்வோர்க்குக் கைத்தடியும் வழங்கப்பட்டது. பெற்றோரின் துயரை எந்த விதியும் ஆற்றாது. ஆயினும் காரணத்தை எண்ணிப் பார்த்தல் நம் கடமை. வழியில் நாம் எறியும் உணவு குரங்கையும் மானையும் நாயையும் பாதையோரத்திற்கு இழுக்கின்றது. அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வருகின்றது. வாழைப்பழத்தை நீட்டும் கை, அன்பினாலேயே நீட்டுகின்றது. விளைவோ அன்பாக முடிவதில்லை.

ஆதலின் குரூகரின் விதிகளை நாமும் கைக்கொள்ளலாம். திருமலைச் சாலையில் ஏறுவதற்கு 28 நிமிடமும் இறங்குவதற்கு 40 நிமிடமும் ஆக வேண்டும் என்ற வரையறை உண்டு. அதனைத் தண்டனைக்கு அஞ்சி மட்டும் காக்காமல், காட்டைப் பார்ப்பதற்குக் கிடைத்த அவகாசமாகக் கொள்ளலாமன்றோ? வளைவுக்கு வேண்டிய அளவே ஒலி எழுப்புவோம். குரங்குக்குத் தீனி போடாதிருப்போம். இலையையும் பொட்டலத்தையும் வண்டிக்குள்ளேயே வைத்திருந்து ஊர் சேர்ந்தபின் குப்பைத் தொட்டியில் இடுவோம். படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளைக் காட்டோரம் இறக்கிவிடலாகாது. பலமனேர் வழியில் இரவில் செல்ல நேர்ந்தால், விளக்கொளிக்கு எட்டிய தொலைவில் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே செல்லுதல் நன்று. யானை சாலையில் நின்றால், வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, அது கடந்துபோகும்வரை காத்திருப்போம். நமக்குக் கால்மணி நேரம் போகும். ஒரு கூட்டம் தன் கன்றோடு மறுகரை சேரும்.