வலைவழித் தொலைபேசியும் இல்லறச் சிக்கனமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியைப் பற்றியது. கல்வியும் ஒழுக்கமும் பேசவேண்டிய சங்க மேடையில் இஃது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். வீட்டுச் செலவைக் குறைக்கும் வழியும், உயிர்க்கு இடர் நேர்ந்துழி உதவியை அழைக்கும் வழியும் இப்பொருளில் ஒருங்கே அடங்கியுள்ளன. ஆதலின் இதனை ஆராய்தல் நம்மனோர்க்குக் கடமையே என்பது நமது துணிபு.

நம் முன்னோர் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் இலங்கைக்கும் கப்பலேறிச் சென்று தொழில் புரிந்தனர். அவர்தம் நலம் வீட்டாரை எட்டுதற்குக் கடிதம் ஒன்றே துணையாயிற்று. அவசரமாயின் தந்தி கொடுத்தனர். தந்தியிலோ சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே பிறப்பும் இறப்பும் இரண்டு மூன்று சொற்களுள் அடங்கின. அத்தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் நின்றுபோயிற்று. பின்னர் வந்த தொலைபேசியில் நிமிடத்திற்கு நிமிடம் காசு. அயல்நாட்டு அழைப்பு வந்துவிட்டால் தாய் கண்ணீரை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டாயா? நலந்தானே? வைத்துவிடட்டுமா?" என்று மூன்று வினாவோடு முடித்த காலத்தை நாம் அனைவரும் அறிவோம். இன்று நம் மக்கள் பெருந்தொகையினராய் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்கின்றனர். பெற்றோர் ஆங்குச் சென்று சில திங்கள் தங்கி வருதலும் வழக்கமாகிவிட்டது. எனவே அந்நாட்டில் தோன்றிய இக்கருவியின் இயல்பை ஈண்டு அறிந்துகொள்ளல் பயனுடைத்து.

முதலாவது, பழைய தொலைபேசிக்குச் செலவு மிகுந்தது யாதுபற்றி? கிரகாம் பெல் என்பார் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமை பெற்றார். அதன்பின் நெடுங்காலம் வரை, இருவர் பேசுங்கால் அவ்விருவர்க்கும் இடையே ஒரு முழுப்பாதை ஒதுக்கப்பெற்றது. அவர் பேசினும் வாளா இருப்பினும் அப்பாதை பிறர்க்குப் பயன்படாது. ஒருவர் தனியே பயணஞ்செய்ய ஒரு வண்டியை முழுதும் வாடகைக்கு அமர்த்துதல் போன்றது அது. கடல் கடந்த அழைப்பாயின், இரு நாட்டு நிறுவனங்களும் தத்தம் பங்கைப் பெறல் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தே கட்டணம் உயர்ந்தது.

வலைவழிப் பேச்சோ வேறு வகையினது. நமது குரலைக் கருவியானது ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுத் துணுக்குகளாக எழுதிக்கொள்கின்றது. ஆகவே விநாடிக்கு 64,000 துணுக்குகள் ஆகின்றன. இவற்றைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தின் முகவரியை ஒட்டி, இண்டர்நெட்டில் விடுகின்றது. விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் எனக் கொள்க. முகவரியின் சுமையையும் கூட்டினால் ஏறக்குறைய 80,000 துணுக்குகள் ஆகும். திரைப்படம் காண்பதற்கு வேண்டும் அளவோடு ஒப்பிட இஃது மிகச் சிறிது. பலருடைய மூட்டைகளைச் சுமந்து செல்லும் அஞ்சல் வண்டியில் நமது உறையும் ஒன்றாகச் செல்லுதல் போலப் பேச்சும் சென்றுவிடுகின்றது. வலைக்கு நாம் முன்னரே திங்கட் கட்டணம் செலுத்தியுள்ளோம் ஆதலின், பேச்சிற்கெனத் தனியே பாதை வாங்க வேண்டுவதில்லை. இதுவே சிக்கனத்தின் மறைபொருள்.

இவ்வழி நேற்றுத் தோன்றியதன்று. 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலையின் வாயிலாகக் குரலை அனுப்பிச் சோதித்தனர். 1995இல் இஸ்ரேல் நாட்டு வோக்கல்டெக் நிறுவனத்தார் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 2003இல் ஸ்கைப் தோன்றிற்று. அஃது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பெற்றது. ஆயினும் கணினியின் முன் அமர்ந்து, காதில் கவசம் பூட்டிப் பேசுதல் முதியோர்க்கு இயலுவதன்று. அவர்க்குப் பழகியது மணி அடித்தால் எடுத்துப் பேசும் கைப்பேசியற்ற அப்பழைய தொலைபேசியே. அப்பழங்கருவியையும் புதுவலையையும் இணைக்கும் பாலமாக வந்ததுதான் அடாப்டர் என்னும் இணைப்புக் கருவி.

இதன் ஒருபுறத்தில் வழக்கமான தொலைபேசிக் கம்பியைச் செருகலாம். மறுபுறம் வலையோடு சேரும். 2007ஆம் ஆண்டில் டேன் போரிஸ்லோ என்பார் மேஜிக்ஜாக் என்னும் பெயரால் இத்தகைய கருவியொன்றை அமெரிக்காவில் பரப்பினார். கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகிவிட்டால் போதும். அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாட்டு எண்களுக்கும் அழைப்புக் கட்டணம் இல்லை. ஆனால் கணினி இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது குறையாக இருந்தது. 2011இல் வந்த வகையை ரவுட்டரோடு நேரே இணைக்கலாம் ஆதலின் அக்குறையும் நீங்கிற்று. ஊமா என்னும் மற்றொரு கருவியும் 2007இலேயே வந்தது. அதன் தொடக்க விலை 399 டாலர். வோனேஜ் நிறுவனத்தார் திங்கட்கட்டண முறையில் இத்தொழிலை நடத்தினர். 2009இல் அவர்கள் இந்தியா உள்ளிட்ட அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குத் திங்கள் ஒன்றுக்கு 24.99 டாலரில் பேசும் திட்டத்தை அறிவித்தபோது, அங்குள்ள நம் நாட்டார் பலர்க்கு அஃது பேருதவியாயிற்று.

கணக்கறிந்த நம் சபையில் கணக்குக் கூறாது செல்லுதல் முறையன்று. மேஜிக்ஜாக் தொடக்க காலத்தில் முதலாண்டுச் சேவையோடு 39.95 டாலருக்கும், பின்னர் ஆண்டிற்கு 19.95 டாலருக்கும் கிடைத்தது. வரி முதலியன நீக்கி ஐந்தாண்டிற்குக் கூட்டினால் 119.75 டாலர். ஒரு வீட்டார் பழைய தொலைபேசிக்குத் திங்கள்தோறும் 30 டாலர் செலுத்தியதாகக் கொள்வோம். ஐந்தாண்டில் அது 1,800 டாலர். மிச்சம் 1,680.25 டாலர். இவ்விலைகள் பின்னர் மாறின; ஆதலின் இன்று வாங்குவோர் இன்றைய விலையைக் கொண்டு இவ்வாறே கணக்கிடுக. ஒன்றை மட்டும் மறவற்க. வீட்டில் வலை இணைப்பு முன்னரே இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். தொலைபேசிக்கென்றே புதிதாக வலை வாங்குவோர்க்கு அச்செலவையும் பற்றில் எழுதுதல் வேண்டும்.

"வாட்ஸ்அப்பில் 2015 முதல் இலவசமாகப் பேசலாமே; இக்கருவி இன்னும் எற்றுக்கு?" என்று இளைஞர் கேட்பர். நியாயமான வினாவே. இருபாலும் திறன்பேசி உடையராய், அதனைக் கையாளவும் வல்லராயின் வேறு கருவி வேண்டா. ஆனால் வங்கி, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம் முதலியவற்றை அழைத்தற்கு மெய்யான தொலைபேசி எண் தேவை. கண் மங்கி, விரல் நடுங்கும் முதியோர்க்குப் பெரிய பொத்தான்களையுடைய பழைய தொலைபேசியே நலம். பல்லாண்டு வழங்கிய எண்ணை விடாது வைத்துக்கொள்ளவும் இதனால் கூடும். வலைவழித் தொலைபேசிக்கும் எண்ணை மாற்றிக்கொள்ளும் உரிமையை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2007இல் உறுதி செய்தது. ஆகவே இக்கருவிக்கு இன்னும் இடம் உண்டு.

இனி, இதன் குறைகளைக் கூறாது விடுதல் வணிகர்க்குரிய நேர்மையாகாது. முதலாவது மின்சாரம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்னழுத்தம் வந்தமையால், ஊர் முழுதும் இருண்டபோதும் அது பேசிற்று. அடாப்டரோ வீட்டு மின்சாரம் நின்றால் ஊமையாகும். அதற்கும் ரவுட்டருக்கும் சேர்த்து மின்கல ஏற்பாடு ஒன்று வைத்தல் வேண்டும். இரண்டாவது வலையின் நெரிசல். குரல் ஒருபுறமிருந்து மறுபுறம் சென்றுசேர ஒரு விநாடியின் ஏழில் ஒரு பங்கிற்குமேல் தாமதித்தால், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேசும் குழப்பம் நேரும். வீட்டார் பலர் ஒரே நேரத்தில் படம் காணுங்கால் இது மிகும். மூன்றாவது, எண்களைச் சுழற்றும் மிகப் பழைய தொலைபேசிகள் பல அடாப்டர்களோடு இயங்குவதில்லை. தொலைநகல் கருவியும், கள்வர்க்கு அஞ்சி வைத்த எச்சரிக்கை மணியும் சில வேளை தவறும். இவற்றைச் சோதித்த பின்னரே பழைய இணைப்பை நீக்குதல் அறிவுடைமை.

இவை யாவினும் தலையாய குறை ஒன்றுண்டு. அதனைக் கூறுதற்காகவே இச்சொற்பொழிவை மேற்கொண்டோம் எனினும் இழுக்கன்று. அமெரிக்காவில் ஆபத்து நேர்ந்தால் 911 என்னும் எண்ணை அழைப்பர். பழைய கம்பி ஓரிடத்தில் நிலைபெற்றது. ஆதலின் அழைத்தவர் வாய் திறவாது மயங்கி வீழினும் வீடு இன்னதென்பதை அதிகாரிகள் அறிந்துகொண்டனர். அடாப்டரோ பையிலிட்டு எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. அஃது எவ்வூரில் உள்ளது என்பதை நாம் பதிந்து வைத்த முகவரியே உரைக்கும். தொலைபேசி எண்களோடு இணையும் வலைவழிச் சேவையார் 911 உதவியை அளித்தே தீர வேண்டுமென 2005இல் அமெரிக்க ஆணையம் விதித்தது. ஆனால் முகவரியைத் திருத்த வேண்டிய பொறுப்புப் பயன்படுத்துவோரையே சார்ந்தது.

இதனை நம் குடும்பங்களின் நிலையில் வைத்துப் பாருங்கள். ஓர் அன்னையார் நியூஜெர்சியில் மகன் வீட்டில் மூன்று திங்கள் தங்குகின்றார். பின்னர் டெக்சாசில் மகள் வீட்டிற்குச் செல்லுங்கால், பழகிய எண்ணாயிற்றே என்று அக்கருவியையும் உடன் கொண்டு செல்கின்றார். முகவரியை மாற்ற எவர்க்கும் நினைவில்லை. மகளும் மருமகனும் பணிக்குச் சென்ற பகற்பொழுதில் அவர்க்கு நெஞ்சுவலி காண்கின்றது. 911ஐ அழைக்கின்றார், பேச்சு எழவில்லை. உதவி வண்டி ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள பழைய வீட்டுக் கதவைத் தட்டும். ஈதல்லவோ சிந்திக்க வேண்டிய செய்தி! ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய ஒரு முகவரிக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாகுமா? எனவே கருவி இடம் மாறிய அன்றே முகவரியும் மாறவேண்டும். வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டிவைத்தலும் நன்று. அமெரிக்க எண்ணுடைய அடாப்டரை நம்மூருக்குக் கொணர்ந்து வைத்திருப்போர், ஆபத்துக் காலத்தில் அதனை நம்பியிருத்தல் கூடாது. நம் நாட்டு உதவிக்கு உரிய எண் 112; அதனை நம்மூர்த் தொலைபேசியிலேயே அழைக்க.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் வலைவழிப் பேச்சுக்கு இடமளிக்கப்பெற்றது. ஆனால் உள்நாட்டுத் தொலைபேசி எண்களோடு அதனை இணைத்தல் அப்போது தடுக்கப்பட்டிருந்தது. 2018இல் உரிமம் பெற்ற நிறுவனங்கட்கு அத்தடை தளர்த்தப்பெற்றது. உரிமமின்றி அயல்நாட்டு அழைப்புகளைப் பெற்று, பல சிம் அட்டைகளைச் செருகிய பெட்டிகளின் வழியாக உள்ளூர் அழைப்புப்போல மாற்றிவிடுவோர் சிலர் உளர். அஃது குற்றம், காவலர் பலரைப் பிடித்துமிருக்கின்றனர். "மாடியறையை வாடகைக்குத் தருக, இணைய இணைப்பும் வேண்டும், வாடகை இருமடங்கு தருவோம்" என்று வருவோரிடம் நம்மவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பிறர்க்குத் தம் பெயரில் சிம் அட்டை வாங்கித் தருதலும் கேட்டிற்கே வழி. சிக்கனம் வேறு, களவு வேறு என்பதை நம் மரபினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புதிய வழியைப் பழைய நிறுவனங்கள் எப்போதும் வரவேற்றதும் இல்லை. வட கரோலினா மாநிலத்து மேடிசன் ரிவர் என்னும் நிறுவனம் தன் வலையில் வோனேஜ் பேச்சைத் தடுத்தது. அதன்பொருட்டு 2005இல் 15,000 டாலர் செலுத்த நேர்ந்தது. வாங்கிய வலையை நாம் நேரிய வழியில் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் கொள்கைக்கு அது ஒரு துணையாயிற்று.

அன்பர்களே! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. செலவை அளப்பதோடு, அளந்து மிஞ்சியதை எங்கே சேர்ப்பது என்பதையும் கருதல் வேண்டும். அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் தொலைபேசியில் மிச்சமாகும் தொகையில் ஒரு கூற்றை ஊரிலுள்ள ஏழை மாணவரின் பள்ளிச் செலவிற்கு அனுப்பினால், அக்கல்வி தலைமுறைக்கும் நிற்கும். மற்றொன்றும் வேண்டுகின்றோம். காசு ஓடுகின்றதே என்றஞ்சிப் பேச்சைச் சுருக்கிய காலம் கடந்தது. ஆனால் காசு ஓடாத இக்காலத்திலும், "வேலையிருக்கிறது, பிறகு பேசுகிறேன்" என்று பேச்சைச் சுருக்குவோர் பலர். முதுமையில் தனித்திருக்கும் தாய்தந்தையர்க்கு மருந்தினும் இனியது மக்களின் குரல். கட்டணம் குறைந்த அளவிற்குப் பேச்சு வளர்க. மணி அடித்தால் எடுப்பதோடு அமையாது, நாமே முந்தி அழைப்போமாக.