ஒருவர் இருந்தாலும் ஊர் ஊர்தான்



'சிற்றூர் வாழ்க்கை சுகமா, சுமையா?' என்பது இன்றைய தலைப்பு. சிற்றூர் என்றதும் ஐந்நூறு, ஆயிரம் பேர் வாழும் ஊர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரே ஒருவர் வாழ்ந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ளது மொனோவை. 1930ஆம் ஆண்டுகளில் அங்கு 150 பேர் வாழ்ந்தனர். 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் இருவர், கணவனும் மனைவியும். 2004இல் கணவர் காலமானார். 2010ஆம் ஆண்டு கணக்கெடுப்பு அந்த ஊரின் மக்கள்தொகையை 1 என்று பதிவு செய்தது.

ஓர் ஊர் எப்படி இப்படிக் காலியாகிறது?

1862இல் வந்த சட்டம், குடியேறி உழுபவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. பின்னர் இரயில் பாதை வந்தது. விவசாயி குதிரை வண்டியில் போய், விளைச்சலை விற்று, அன்றே வீடு திரும்ப வேண்டும். அதற்கேற்ற தூரத்தில் பாதை நெடுகச் சிற்றூர்கள் முளைத்தன. பிறகு டிராக்டர் வந்தது. பத்துப் பேர் செய்த வேலையை ஒருவரே செய்தார். கார் வந்தது. மக்கள் பெரிய ஊர்க் கடைகளுக்குப் போனார்கள்.

மொனோவையில் 1967இல் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது. மளிகைக் கடைகளும் மறைந்தன. 1974இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகளோடு பெற்றோரும் போய்விடுகிறார்கள். அந்தத் தம்பதியரின் பிள்ளைகள் இருவரும்கூட வேலை தேடி வெளியூர் சென்றனர்.

அந்த மூதாட்டி மட்டும் போகவில்லை.

அவரே ஊர்த் தலைவர். அவரே செயலாளர், பொருளாளர். தேர்தல் அறிவிப்பை ஒட்டுவதும் அவர்தான்; வாக்களிப்பதும் அவர்தான். நான்கு தெரு விளக்குகள் எரியவும் குழாயில் தண்ணீர் வரவும் ஆண்டுக்குச் சுமார் 500 டாலர் வரியைத் தம்மிடமிருந்து தாமே வசூலித்தார். சாலைத் திட்டத்தை எழுதி மாநில அரசுக்கு அனுப்பி, நிதியும் பெற்றார்.

கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் தாள்களை அவர் நிரப்பாமல் விட்டிருந்தால், மொனோவை என்ற ஊர் சட்டப்படி இல்லாமல் போயிருக்கும்.

1971இல் கணவரோடு தொடங்கிய சிறிய உணவுக்கடையை அவர் தனியாகவே நடத்தினார். ஆளில்லாத ஊரில் யார் சாப்பிட வருவார்கள்? சுற்றுவட்டார விவசாயிகள் வந்தார்கள். லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள். நெடுந்தொலைவிலிருந்தும் காரில் வந்தார்கள். அந்தச் சமவெளியில் நாலு பேர் உட்கார்ந்து மழையையும் மாட்டு விலையையும் பேச ஓர் இடம் வேண்டுமே!

கணவர் புத்தகப் பிரியர். அவர் சேர்த்த சுமார் 5,000 நூல்களைக் கொண்டு, அவர் நினைவாகச் சிறு நூலகம் ஒன்றும் அங்கே எழுந்தது.

2020ஆம் ஆண்டு கணக்கெடுப்பு மொனோவைக்கு 2 பேர் என்று காட்டியது. தனி மனிதரின் விவரம் வெளியே தெரியாதிருக்க, கணக்கெடுப்புத் துறை சிற்றூர்களின் எண்ணிக்கையில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்கிறது. ஊரே ஒருவர் என்றால், மறைப்பதற்கு இன்னொருவர் வேண்டும் அல்லவா?

நேயர்களே, மொனோவை ஓர் எல்லை. இருநூறு, முந்நூறு பேர் வாழும் மத்திய மேற்கு ஊர்களிலும் இதே கதைதான். தீப்பிடித்தால் அணைக்க ஓடுபவர் சம்பளக்காரர் அல்லர், பக்கத்து வயல்காரர். துக்க வீட்டுக்குச் சமைத்த உணவு தானாக வந்து சேரும். அதே சமயம், யார் வீட்டு வாசலில் யார் கார் நின்றது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். தனிமையும் உண்டு, தப்பி ஒளிய இடமும் இல்லை.

சுகமா, சுமையா? சுமைதான். ஆனால் பெருநகரத்தில் 'யாராவது செய்வார்கள்' என்று விட்டுவிடலாம். சிற்றூரில் அந்த 'யாராவது' நீங்கள்தான். சுமந்தவருக்கே அது தம் ஊர்.

உங்கள் வட்டாரத்தில் எரியும் தெரு விளக்குக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவர் யாரென்று தெரியுமா?