மின்னஞ்சல் நிலையமும் செஞ்சிக் கோட்டையும்

மின்னஞ்சலுக்கும் ஒரு தபால் நிலையம் உண்டு. சர்வர் எனப்படும் கணினியில் இயங்கும் ஒரு மென்பொருளே அது. நாம் எழுதிய மடலை அது ஏற்றுக்கொள்கிறது. முகவரியின் பிற்பகுதியைக் கொண்டு, மடல் எந்தக் கணினிக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கேட்டறிந்து அங்கே ஒப்படைக்கிறது. அக்கணினி ஓய்ந்திருந்தால், மடலை வரிசையில் வைத்து நாலைந்து நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயல்கிறது. அதன் பின்னும் இயலாவிடில், அனுப்பியவருக்கே தெரிவித்துவிடுகிறது.

ஒரு பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ சொந்தமாக இத்தகைய நிலையம் அமைக்க விரும்பினால், எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதற்கேள்வி: மடல் தொலையாதா? மடலை வட்டில் பதித்த பின்னரே 'பெற்றுக்கொண்டேன்' என்று மறுமொழி தர வேண்டும். மின்சாரம் நின்றால் ஓர் ஓய்வூதிய ஆணையே மறைந்துபோகும் என்பது தகாது.

இரண்டாம் கேள்வி: ஒரு வாயில் உடைந்தால் கோட்டையே வீழுமா? 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 'சென்ட்மெயில்' என்பதை இயற்றினார். வெவ்வேறு வலையமைப்புகளின் முகவரிகளை இணைத்த பெருமை அதற்குண்டு. ஆயினும், ஒரே குமாஸ்தாவிடம் எல்லாச் சாவிகளையும் கொடுத்தாற்போல, ஒரே நிரல் முழு அதிகாரத்தோடு எல்லாப் பணிகளையும் செய்தது. சோதனைக்கென அதில் விடப்பட்டிருந்த வாயில், 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் ஏவிய 'புழு' பல கணினிகளுள் நுழைந்த வழிகளுள் ஒன்றாயிற்று.

செஞ்சியில் வாழும் நான் இதற்கு உவமை தேடி வெளியூர் செல்ல வேண்டியதில்லை. இங்கே மூன்று குன்றுகளுக்கும் தனித்தனி அரண்கள். அவற்றை இணைத்து ஒரு பெருமதில். இராஜகிரியில் வாயில் பல கடந்து உச்சியை நெருங்கினாலும், குறுக்கே ஒரு பிளவு உண்டு. அதன்மேலுள்ள பாலத்தை நீக்கிவிட்டால் உச்சி தனித்து நிற்கும். 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698-ல்தான் இக்கோட்டையைக் கைப்பற்றியது.

இதே தத்துவத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வீட்சே வெனிமா அமைத்து 1998-ல் வெளியிட்டது 'போஸ்ட்ஃபிக்ஸ்'. அதில் வாங்குவது ஒரு நிரல், வரிசை காப்பது வேறொன்று, ஒப்படைப்பது மற்றொன்று. முழு அதிகாரம் உடையவை மிகச் சில. டேனியல் பெர்ன்ஸ்டைனின் 'க்யூமெயில்' அதற்கு முன்பே இவ்வழியில் சென்றது. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1995-ல் தொடங்கிய 'எக்ஸிம்', நுணுக்கமான விதிகளை வகுக்க விரும்புவோர்க்கு ஏற்றது. ஆனால் அதனைத் தேர்ந்த கையே ஆள வேண்டும்.

மூன்றாம் கேள்வி: தமிழில் எழுதிய முகவரியை ஏற்குமா? அதற்கான விதிகள் 2012-ல் வகுக்கப்பட்டன. போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் ஏற்கிறது. ஆயினும் மடல் செல்லும் வழியிலுள்ள நிலையங்கள் யாவும் ஏற்றாலன்றிப் பயனில்லை. ஆகவே, நாம் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பது பிறருக்கும் உரிய காரியமாகும்.

சிறு நிறுவனங்களுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் போதும் என்பேன். எதைத் தேர்ந்தாலும், அந்நியர் மடலை அந்நியருக்குச் சுமக்க மறுக்குமாறு அதை அமைத்தல் வேண்டும். இல்லையேல் குப்பை மடல்கள் நம் பெயரால் உலகெங்கும் செல்லும். பிறகு நம் நல்ல மடலையும் ஏற்பாரில்லை. நாள்தோறும் பேண ஆளில்லாதவர்கள், நம்பத்தக்க நிறுவனம் ஒன்றிடம் இப்பணியை ஒப்படைப்பதே நன்று. காவலன் இல்லாத கோட்டைக்கு மதில் எதற்கு?