ஒளிரும் கலம் சொல்லும் சேதி



எங்கள் ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத் தாளைத் தொடாத மாணவி இருக்கமாட்டாள். நீலத்தாள் சிவந்தால் அமிலம், சிவப்புத்தாள் நீலமானால் காரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, நிறம் மாறும் இன்னொன்றைக் கொண்டு அறிகிறோம். இதே உபாயத்தை உயிருள்ள கலத்தினுள் கொண்டுசெல்வது பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அங்கே நிறத்துக்குப் பதிலாக ஒளியைப் பார்க்கிறோம்.

நமது குருதியிலுள்ள வெண்குழியங்களில் பெரும்பங்கு நியூத்திரோபில்கள். இவை கிருமியை விழுங்கியதும் ஒட்சிசனைச் சடுதியாக எடுத்து, அதைச் சுப்பரொட்சைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டும், அதிலிருந்து ஐப்போகுளோரசு அமிலமும் உண்டாகின்றன. கிணற்றுக்குக் குளோரீன் போடும்போது கிருமியைக் கொல்வதும் இந்த அமிலந்தான். இப்படித் தாக்கும் மூலக்கூறுகள் நெடுநேரம் நிலைப்பதில்லை. வெளியே எடுத்து அளக்க முயன்றால் அதற்குள் வேறொன்றாகிவிடும். ஆகவே, அளக்கும் பொருளைத்தான் உள்ளே அனுப்பவேண்டும்.

அப்படி அனுப்பும் ஒன்று டைஐதரோரோடமீன் 123. உள்ளே போகும்போது அது ஒளிராது. கலம் அந்த மூலக்கூறுகளை உண்டாக்கினால், அது ஒட்சியேற்றம் அடைந்து ரோடமீன் 123 ஆகிறது. பிறகு 488 நனோமீற்றர் நீல லேசரைப் பட்டவுடன் பச்சையாக ஒளிர்கிறது. கலங்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிட்டு, எத்தனை ஒளிர்ந்தன, எவ்வளவு ஒளிர்ந்தன என்று கருவி எண்ணித் தருகிறது. சில மில்லிலீற்றர் குருதி போதும்.

இந்த ஒளி வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாட்பட்ட கிரனுலோமா நோய் என்போம். அமெரிக்காவில் ஏறத்தாழ 2 இலட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் அரிய நோய் இது. வெண்குழியம் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லமுடியாது. ஈரலில் சீழ்க்கட்டி, நிணநீர்க் கணுக்களில் வீக்கம், பூஞ்சணத்தால் நியூமோனியா என்று ஒன்றின்பின் ஒன்றாக வரும். 1950களில் இதனை முதலில் விவரித்த வைத்தியர்கள், உயிர்குடிக்கும் நோய் என்றே பெயரிட்டார்கள். இன்று நாளாந்தம் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல், இட்ராகொனசோல் மருந்துகளோடு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிறார்கள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் குணமாவோரும் உண்டு. ஆனால் முதலில் நோய் இன்னதென்று தெரியவேண்டும். அதைச் சொல்வது அந்தப் பச்சை ஒளி.

இந்நோயின் முக்கிய வகை எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவது. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றில் ஒன்று உறங்கிவிடுகிறது என்று 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னார். எது உறங்குமென்பது கலத்துக்குக் கலம் மாறும். ஆதலால் இக்குறையைக் காவும் தாயின் குருதியைச் சோதித்தால், ஒளிரும் கலங்கள் ஒரு கூட்டமாகவும் ஒளிராதவை இன்னொரு கூட்டமாகவும் திரையில் பிரிந்து நிற்கும்.

அந்தத் திரையை ஒரு குடும்பத்துக்கு விளக்கும்போதுதான் எங்கள் பொறுப்பு தொடங்குகிறது. "தாயாலே வந்தது" என்ற ஒரு சொல் எங்கள் சமூகத்தில் என்ன செய்யுமென்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பரம்பரையலகை யாரும் தெரிந்தெடுப்பதில்லை. சில வேளைகளில் குறை தாயிடம் இராமல் பிள்ளையிலேயே புதிதாகத் தோன்றும். வேறு வகைகளில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும். இவ்வளவையும் சொல்லாமல் முடிவுத்தாளை மட்டும் கையில் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

அந்தச் சோதனை தாய்க்கும் உதவும். காவிகளான பெண்கள் சிலருக்கு வெயிலில் தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் வருவதுண்டு. ஒளிரும் கலங்கள் மிகக் குறைவாயின் கடுந்தொற்றும் வரலாம். இன்னொன்று, எங்கள் நாட்டில் பிறந்தவுடன் போடும் பீசீஜீ உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு அதைப் போடுமுன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. ஒளி பொய் சொல்லாது, ஆனால் நாம் கேளாத கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். டைஐதரோரோடமீன் நன்றாக ஒளிர ஐதரசன் பரவொட்சைட்டோடு மயலோபெரொக்சிடேசு என்ற நொதியமும் வேண்டும். அந்த நொதியம் அறவே இல்லாதவருடைய கலமும் சரியாக ஒளிராது, ஆனால் அவருக்கு இந்நோய் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் சுகமாகவே வாழ்கிறார்கள். ஒளியை மட்டும் நம்பினால், நோயில்லாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிடுவோம். அதனால்தான் வேறொரு சோதனையாலும் பரம்பரையலகுப் பரிசோதனையாலும் உறுதிசெய்கிறோம். பாசிச்சாயத் தாள் சிவந்தால் அமிலம் உண்டென்று தெரியும், எந்த அமிலமென்று தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் படித்த அந்தப் பாடத்தை விடுதியறைக்கும் வைத்தியசாலைக்கும் நாம் காவிக்கொண்டே போகிறோம்.

நூறு வருடங்களாகப் பெண்பிள்ளைகளின் கையில் சோதனைக் குழாயைக் கொடுத்து, "ஏன்?" என்று கேட்கப் பழக்கிய பாடசாலை இது. இனி வருகிறவர்களும் அதைக் கேட்கட்டும். பதிலைக் கண்டபின், அதை ஒரு தாயின் மனம் நோகாமல் சொல்லவும் பழகட்டும்.